இத்தாவில் போட்ட கையெழுத்து

மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாம் உனக்கு மட்டும். உன் தோளுக்குப் பின்னால் நின்று யாராவது எட்டிப் பார்த்து வாசித்தால், அவர்களுக்கு இல்லை. நான் அழைத்தால் நீ ஃபோனை எடுப்பதில்லை. சம்மாந்துறையில் உன் வாப்பாவுக்கு மூத்தவரான பெரியவாப்பாவின் அரிசி மில்லில் இருந்துகொண்டு, "உம்மாட்ட மறுகா கதைக்கிறன் எண்டு செல்லுங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறாய். பெற்றவளுக்கு ஆள் விட்டுப் பதில் சொல்லும் அளவுக்குப் பெரிய மனிசன் ஆகிவிட்டாய், மாஷா அல்லாஹ். அதனால்தான் எழுதுகிறேன். இதன் பிரதி ஒன்றைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் போடவில்லை, என் பெயரும் போடவில்லை. சாய்ந்தமருதில் யாருக்கும் பெயர் தேவைப்படாது, அது வேறு கதை.

போன வியாழக்கிழமை கல்முனையிலிருந்து, நம் வழக்கைப் பேசும் சட்டத்தரணித் தங்கச்சி கதைத்தாள். அவள் குரலைக் கேட்டதுமே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் படபடவென்று கதைக்கிறவள் அன்று இழுத்து இழுத்துக் கதைத்தாள். நீ ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்பியிருக்கிறாயாம். எவர் மீதும் உனக்கு எந்த முறைப்பாடும் இல்லையாம். சிறையில் உன்னை ஒருவரும் தொடவில்லையாம். உன் இடது காது, சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் கெட்டுப் போனதாம். மகனே, உன்னைக் குளிப்பாட்டியது நான். நம் வீட்டுக் கிணற்றடியில் நீ எப்போது விழுந்தாய்? விழுந்திருந்தால் உன் வாப்பா அந்தக் கிணற்றையே மூடியிருப்பார், அவ்வளவு அவசரக்காரர். பொய் சொல்வதென்று முடிவெடுத்தவன் என்னைச் சாட்சிக்கு வைக்காத ஒரு பொய்யையாவது சொல்லியிருக்கலாம்.

"இப்ப என்ன செய்ற?" என்று அவளிடம் கேட்டேன். "அவர் என்னத்தக் குடுத்தாலும் மனுக்காரி நீங்கதான் ராத்தா. அவர் உள்ளுக்க இரிக்கக்குள்ள நீங்கதானே போட்டீங்க. வாபஸ் வாங்கிறதெண்டா நீங்களும் ஒப்பம் வெக்கணும். நீங்க வெக்காட்டி, உம்மா ஒண்டு செல்றா, மகன் ஒண்டு செல்றார் எண்டு நீதியரசர்மார் கேப்பாங்க. உங்களக் கூப்பிட்டும் கேக்கலாம்" என்றாள். பிறகு, "வழக்குத் தவணை வார கிழமதான் மகன்ட கலியாணமும்" என்றாள். அது எனக்குத் தெரியாதா? நிந்தவூர்க் கலியாண வீட்டுக்கு நான் உடுத்திப் போக வேண்டிய சாரி அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது.

உன்னை வசைபாட மட்டும் இதை எழுதவில்லை. வசை இருக்கிறது, அதை மறைக்கப் போவதுமில்லை. ஆனால் சிறைக்குள் நடந்ததுதான் உனக்குத் தெரியும். வெளியே என்ன நடந்தது என்று நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. வந்த பிள்ளை வந்துவிட்டது, இனி எதற்கு அதையெல்லாம் கிளறுவது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் மூடிக்கொண்ட இடத்தில் பெரியவாப்பா வாயைத் திறந்துவிட்டார். "உன்ட உம்மா பிடிவாதத்துக்குக் கேஸ் போட்டவ, இத்தாவையும் முறிச்சி ஊர்ல நம்மட பேரையும் முறிச்சவ" என்று உனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். இனி நான் சொல்வதையும் கேள்.

குண்டுகள் வெடித்த அந்த வருஷம், பொலிஸும் ஆமியும் நம் ஊர்களைச் சல்லடை போட்டுத் தேடிய மாதங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். கிரிக்கெட் கழகத்துப் பெடியன்கள் ஃபோனில் குழு வைத்திருந்தீர்கள். அதில் எவனோ ஒருவன் எங்கிருந்தோ வந்த வீடியோவைப் போட்டான். நீ அதைத் திறந்து பார்க்கவே இல்லை. திறக்காத வீடியோவுக்காக உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள். உன் வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மில்லுக்கு நெல் ஏற்றி வந்த டிரக்டரைத் திருப்பி, அந்த ஜீப்புக்குப் பின்னால் போனார். ஜீப்பைத் துரத்திக்கொண்டு டிரக்டரில் போன மனிசன்! நெல் மூட்டையெல்லாம் பிரதான வீதி நெடுக விழுந்து வெடித்ததாம். அன்று சிரித்த ஊர், ஒரு கிழமை போவதற்குள் அவருடைய ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனது. சுபஹ் தொழுதுவிட்டு வந்து, "நெஞ்சுக்க ஒரு மாதிரிக் கிடக்கு புள்ள" என்றார். தேத்தண்ணி ஊற்றப் போனேன். ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஜனாஸாவுக்கு உன்னைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். ஏலாது என்றார்கள்.

புருஷன் மௌத்தானால் பெண் இருக்க வேண்டிய இத்தாவை நான் இருந்தேன். நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுத்து, அறைக்குத் திரை போட்டு, அந்நிய ஆண் முகம் பாராமல், வாசற்படி தாண்டாமல். ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள் நான், என்னை விட யார் ஒழுங்காக இருப்பார்கள்? மனமொப்பித்தான் இருந்தேன். உன் வாப்பாவுக்காக என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சட்டத்தரணித் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் அவளை எனக்குத் தெரியாது. வசதியில்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசுகிறவள். வேறு ஒருவரைப் பார்க்கத் தூரத்துச் சிறைக்குப் போனவள், அங்கே உன்னைக் கண்டிருக்கிறாள். திரையை விலக்கி உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, மகன்ட காதுல பஞ்சு வெச்சிருந்திச்சி. பஞ்சு முழுக்க ரெத்தம்" என்றாள். உள்ளே போன அன்றே காவலர் ஒருவர் அறைந்தாராம், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டதாம். நீ அவளிடம், உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம். அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்.

அவள் சட்டத்தைச் சொன்னாள். நானும் புரியும் வரை திருப்பித் திருப்பிக் கேட்டேன். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். ஆனால் அது நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், பிறகு கதவு மூடிவிடும். உள்ளே இருக்கிறவனால் கொழும்பில் சட்டத்தரணி பிடிக்க முடியுமா, முத்திரைக் கட்டணம் கட்ட முடியுமா? முடியாது. அதனால் அவனுக்காக உம்மாவோ பெண்சாதியோ வெறும் கடிதமாக எழுதி அனுப்பினாலும் நீதிமன்றம் அதை மனுவாக எடுக்கும், கட்டணமும் கேட்காது. "ஆனா வசதியில்லாத ஆள் எண்டு காட்டணும் ராத்தா. கிராம சேவகர்ட கடிதம் ஒண்டு வேணும். மறுகா, சமாதான நீதவான் ஜேபிக்கு முன்னால நீங்க சத்தியக் கடதாசில ஒப்பம் வெக்கணும். நாள் கன தூரம் போயிட்டு, கெதியாச் செய்யணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வசதியில்லை என்று காட்டுவதுதானா பெரிய வேலை? வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே போதுமே என்று நினைத்தேன்.

பெரியவாப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருந்துகொண்டு சத்தம் போட்டார். "மில்லுக்காரன்ட தம்பி பொண்டாட்டி ஏழை எண்டு எழுதி எடுக்கிறதா? சம்மாந்துறைல நான் தலை நிமிந்து நடக்கிறல்லையா? பள்ளிவாசல் நிருவாகம் அமைச்சரக் காணப் போகுது, குடுக்கிற பட்டியல்ல பெடியன்ட பேரும் கிடக்கு. சபுரா, பொறுமையா இரி." அப்படியென்றால் கட்டணம் கட்டி, கொழும்புச் சட்டத்தரணி பிடித்து, முறையாகவே போடுவோம், நீங்கள் செலவைப் பாருங்கள் என்றேன். உடனே குரல் இறங்கிவிட்டது. "இந்தப் போகம் விளைச்சல் சரியில்ல புள்ள" என்றார். பார்த்தாயா? நான் ஏழை என்று எழுதவும் கூடாது, எழுதாமல் இருக்க அவர் உதவவும் மாட்டார். மானம் அவருடையது, காது உன்னுடையது. ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், மாதா மாதம் அரிசி மூட்டை ஒரு தரமும் தவறாமல் வந்தது. அந்தச் சோற்றைத்தான் தின்றேன். அதற்காக அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது.

கிராம சேவகரை நான் வரச் சொன்னேன். நல்ல மனிசன், தயங்கித் தயங்கித்தான் வந்தார். பெரியவாப்பாவும் காவலுக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் திரைக்கு வெளியே. "ராத்தா, எழுதலாம்தான். ஆனா உங்கட வீட்டுக்காரர்ட பேர்ல டிரக்டர் ஒண்டு பதிவு கிடக்கே. டிரக்டர் உள்ள வீட்ட வசதியில்ல எண்டு நான் எப்பிடி எழுதுற?" என்றார். அந்த டிரக்டரின் கதை உனக்குத் தெரியும். லீசிங்குக்கு எடுத்தபோது பெரியவாப்பாவின் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்ததால், தம்பியின் பெயரில் பதிந்தார். ஓட்டியது வாப்பா, உழைப்பு மில்லுக்கு. பெரியவாப்பா இருமினார். மெல்லத் தொண்டையைச் செருமினார். அது தன்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்ப அந்த டிரக்டர் என்டதா? அல்ஹம்துலில்லாஹ், எனக்குத் தெரியாமப் போயிட்டே! நாளைக்கே வித்துப்போட்டுக் கட்டணத்தக் கட்டுறன். வாங்கிற ஆள் ஒண்டப் பாருங்க சேர்" என்றேன். கதிரை விழுந்த சத்தம் கேட்டது. "அது என்ட டிரக்டர்! என்ட! அவன்ட பேர் சும்மா போட்ட பேர்!" என்று பெரியவாப்பா கத்தினார். "அத எழுதித் தாங்க ஹாஜியார்" என்றார் கிராம சேவகர். எழுதிக் கொடுத்தார். அன்று நான் ஏழை என்று அரசாங்கக் கடிதம் கிடைத்தது. வாப்பா மௌத்தான பிறகு நான் சிரித்தது அன்றுதான், திரைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு.

சிரிப்பு அத்தோடு சரி. மிச்சம் இருந்தது சத்தியக் கடதாசி. ஜேபி நம் வீதியில் சாப்புக் கடை வைத்திருந்த பெரியவர். சட்டத்தரணித் தங்கச்சி போய்க் கேட்டாள், வீட்டுக்கு வந்து ஒப்பம் வாங்குங்கள் என்று. "இத்தா வீட்டுக்க நான் காலடி வெக்கமாட்டன். ஊர் என்ன கதைக்கும்?" என்றாராம். திரைக்கு வெளியே நின்றாவது வாங்குங்கள் என்றால், "ஆளக் காணாம நான் எப்பிடி ஒப்பம் வெக்கிற? அடையாள அட்டையும் முகமும் பாக்கணும்" என்றாராம். இரண்டுமே சரியான பேச்சு. வீட்டுக்கு வரமாட்டார், முகம் பாராமல் ஒப்பமும் வைக்கமாட்டார். வேறு ஜேபியைத் தேடப் போனால், அவருக்கும் இதே பயம். மாதம் முடியப் போகிறது. பெரியவாப்பா பள்ளியிலிருந்து செய்தி சொல்லி அனுப்பினார், இத்தா முடிந்த பிறகு பார்க்கலாமாம். இத்தா முடிய மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தது. அதற்குள் உனக்கு மற்றக் காதும் போயிருக்கும்.

தேவை என்று வந்தால் இத்தாவிலிருக்கும் பெண் பகலில் வெளியே போகலாம் என்று மார்க்கத்தில் இருக்கிறது. நான் ஓதியவள், எனக்குத் தெரியும். மௌலவிக்கும் தெரியும். ஊருக்கு மட்டும் தெரியாது. வெள்ளைச் சாரியுடன், வெள்ளைத் துணியால் தலையை மூடி, சட்டத்தரணித் தங்கச்சி பக்கத்தில் வர, நான் வாசற்படியைத் தாண்டினேன். ஆட்டோ பிடிக்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன். ஒளித்துப் போனால் தப்புச் செய்தவளாகிவிடுவேன். ளுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளியிலிருந்து இறங்குகிற நேரம் அது. வீதி முழுக்கத் தொப்பிகள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவர் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். என்னிடம் ஓதிய பிள்ளையின் வாப்பா ஒருவர், "மையத்தடக்கி மண் காயல்ல, இந்தா கோட்டுக்கு வெளிக்கிட்டுட்டா" என்றார். நின்று திரும்பி, "உங்கட மகன அடிக்கக்குள்ள நீங்க மண் காயும் மட்டும் இரிங்க காக்கா" என்றேன். ஜேபி கடையில் என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார், பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையைத் துடைத்தார். கையெழுத்துப் போட்டேன். வந்து திரைக்குள் இருந்து அழுதேன், உன் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டல்ல, அவர் என் பக்கத்தில் இல்லையே என்று.

கடிதம் போனது. நீதிமன்றம் எடுத்தது. கட்டணம் கேட்கவில்லை, தமிழில் எழுதியதைக் குறை சொல்லவில்லை, நாள் பிந்திவிட்டது என்றும் சொல்லவில்லை. சட்ட வைத்திய அதிகாரியிடம் உன்னைக் காட்டி அறிக்கை கேட்டது. அதன் பிறகு நடந்தது என்ன என்று நீதான் எனக்குச் சொன்னாய். விடுதலையாகி வந்து, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "வைத்தியர்ட்டக் கொண்டு போன அண்டையோட ஒருத்தரும் கை வெக்கல்ல உம்மா" என்றாய். இப்போது அதே வாயால் ஒருவரும் தொடவில்லை என்கிறாய். சரியாகத்தான் சொல்கிறாய், மனுப் போட்ட பிறகு தொடவில்லை. அதற்கு முன்னால் நடந்ததை எங்கே கொண்டு போய்ப் போடுகிறாய்?

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஓத வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு பிள்ளைக்கு ட்யூஷன், ஒரு பிள்ளை மாமி வீட்டுக்குப் போயிற்று. கடைசியில் பாய் மட்டும் மிஞ்சியது. மௌத்து வீடுகளுக்குப் போனால் பெண்கள் அரக்கி அரக்கி எனக்கு இடம் விட்டார்கள், மரியாதைக்காக இல்லை. நான் தைத்துப் பிழைத்தேன். இதையெல்லாம் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று ஒரு நாள் கேட்டாய், எனக்குக் கண் சரியில்லை என்றேன். பொய்தான். நம் இரண்டு பேருக்கும் பொய் நன்றாகவே வருகிறது.

இத்தா முடிந்ததும் சிறைக்கு வந்தேன். அந்த வாசலில் வரிசையில் நின்றபோதுதான் தம்பிலுவில் பாக்கியம் அக்காவைக் கண்டேன். அவளுடைய மகன் உன் சிறைக்கூட்டில்தான் இருந்தான். அவனுக்கும் நல்ல அடி. எனக்குத் தண்ணீர்ப் போத்தலைத் தந்து, "நீங்க போட்ட கேஸால எண்ட பெடியனுக்கும் அடி நிண்டுட்டு தங்கச்சி. நானும் போடலாமெண்டு கேட்டன். ஒரு மாசம் தாண்டிட்டாம். எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே" என்றாள். அவள் ஒரு திரைக்குப் பின்னாலும் இருக்கவில்லை, அவளை ஒருவரும் தடுக்கவுமில்லை. சொல்ல ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அவன் இன்னும் உள்ளே. உன்னுடைய வழக்கில் அடித்தது உண்மை என்று தீர்ப்பு வந்தால், அதைக் காட்டித் தன் மகனுக்கும் ஏதாவது கேட்கலாமா என்று சட்டத்தரணித் தங்கச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தவணைக்கும் எனக்கு ஃபோன் எடுப்பாள். எதிர்த் தரப்பு ஆட்சேபனை தாக்கல் செய்ய அவகாசம் கேட்டது, தவணை தள்ளிப் போயிற்று என்பேன். "போகட்டும், கேஸ் கிடக்குதானே?" என்பாள். போன வியாழக்கிழமை பின்னேரமும் எடுத்தாள். நான் எடுக்கவில்லை. உன்னிடமிருந்து பழகிக்கொண்டேன்.

உன்னை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை, போகலாம் என்றார்கள், பஸ்ஸில் தவறி ஏறியவனை இறக்கிவிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு உனக்கு வேலை இல்லை, பொலிஸ் அறிக்கை கேட்கும் இடமெல்லாம் கதவு சாத்தினார்கள். கத்தாருக்குப் போகவும் வழி இல்லை. பெரியவாப்பா மில்லில் சேர்த்துக்கொண்டார். நிந்தவூர்ச் சம்பந்தத்தையும் அவரே பேசினார். பெண்ணின் வாப்பா அரசாங்கக் கட்டட வேலைகளைக் கொந்தராத்து எடுக்கிறவர். மகளுக்கு வீடு கட்டி வைத்திருக்கிறார். "அரசாங்கத்துக்கு எதிரா கேஸ் கிடக்கிற மாப்பிள்ள எனக்குச் சரிவராது. அத முடிச்சிட்டு வாங்க" என்றாராம். அந்த வீட்டில்தான் நீ இனி இருக்கப் போகிறாய். நம் பக்கத்து வழமை அப்படித்தான், பெற்ற வீட்டை விட்டு ஆண் பிள்ளைதான் போகிறது. உனக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லையா? உனக்கு வயது போகிறது, எனக்கும் போகிறது. கையெழுத்தைப் போட்டுத் தொலைப்போமே என்று வெள்ளிக்கிழமை முழுக்க நினைத்தேன். பொய் சொல்லவில்லை, பேனையைக்கூடத் தேடி எடுத்தேன்.

நீ ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது, வகுப்பில் வேறு யாரோ கண்ணாடியை உடைத்ததற்கு உங்கள் வகுப்புச் சேர் உனக்கு அடித்தார். நீ வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு, சேர் வந்து நீ உடைக்கவில்லை என்று வகுப்பில் சொல்லும் வரை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாய். நான் உனக்கு இன்னும் இரண்டு அடி போட்டேன். வாப்பா என்னை நிறுத்தினார். டிரக்டரிலேயே உன்னை ஏற்றிக்கொண்டு போய், பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, ஹோர்னை அடித்துக்கொண்டே நின்றார். சேர் வெளியே வந்து, "சரி சரி, இவன் உடைக்கல்ல" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னார். அன்று நீ வரும் வழியெல்லாம் டிரக்டர் மட்காட்டில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாயாம். உயர் நீதிமன்றத்திலும் நாம் கேட்டது அவ்வளவுதான். சட்டத்தரணித் தங்கச்சி நட்டஈடு என்றும் ஒரு வரி எழுதினாள், அது வழக்கம் என்றாள். எனக்கு அந்த வரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாரும் கேட்க ஒரு தரம் சொல்லட்டும்.

பேனையை ஏன் திரும்ப வைத்தேன் என்று சொல்கிறேன். சனிக்கிழமை உனக்குப் பேசிய பெண் எனக்கு ஃபோன் எடுத்தாள். முன்பும் எடுப்பாள், ஸலாம் சொல்லி, சுகம் கேட்டு வைத்துவிடுவாள். இந்த முறை வைக்கவில்லை. "மாமி, ஒண்டு கேக்கட்டா? அவர் வீட்ட வந்தா, சில நேரம் நான் பக்கத்துல இருந்து கதைச்சாலும் பதிலே செல்றாரில்ல. ஒண்டும் கேக்காத மாதிரி அங்கால பாத்துட்டு இரிக்கார். மறுகா திடீரெண்டு சிரிச்சிக் கதைக்கார். என்னில புடிப்பில்லையா மாமி? என்ட வாப்பாட கட்டாயத்துக்கா ஓம் எண்டவர்?" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். அவள் உன் இடப்பக்கத்தில் இருந்திருக்கிறாள், மகனே. அது அவளுக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. காதைச் சொன்னால் சிறையைச் சொல்ல வேண்டும், சிறையைச் சொன்னால் வழக்கைச் சொல்ல வேண்டும். அதனால் அந்தப் பிள்ளை, தன்னை உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கலியாணச் சாரிக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாள். நான் என்ன சொல்ல? கிணற்றடியில் விழுந்தான் என்று சொல்லட்டா? "அவனுக்கு உன்னில நல்ல விருப்பம் புள்ள, நீ யோசியாத" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

கலியாணத்துக்குப் போகும் மகனுக்கு உம்மா புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. மாமனார் வீட்டில் சோறு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல், வாப்பா மாதிரி உம்மென்று தின்னாதே. பெண்சாதியிடம் ஒளித்து வைத்த ஒன்றை மாமனாருக்குத் தெரியும்படி வைக்காதே, அதைப் போல அவளைக் கேவலப்படுத்துவது வேறில்லை. உன் மாமனாருக்கு உன் காது ஏன் போனதென்று தெரியும். அவர்தானே கிணற்றடிக் கதையைக் கண்டுபிடித்தவர்.

நான் ஒப்பம் வைக்கமாட்டேன். நீ வைத்தது உன்னோடு. என் மனு கிடக்கட்டும். தவணைக்குக் கொழும்புக்குப் போவேன், பாக்கியம் அக்காவும் கூட வருகிறாளாம், இன்று நானே அவளுக்கு ஃபோன் எடுத்தேன். நீதியரசர்மார் என்னைக் கேட்டால் நானே சொல்வேன். கேட்காவிட்டாலும் அங்கே இருப்பேன். அதற்காக நிந்தவூரார் கலியாணத்தை நிறுத்தினால் அது என் தலையில் விழும். விழட்டும். நிறுத்தாவிட்டால், கலியாண வெள்ளிக்கிழமை, அலுமாரியில் கிடக்கும் சாரியை உடுத்துக்கொண்டு நான் வருவேன். என்னை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதே. சொல்லி அனுப்பினாலும் வருவேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நிக்காஹ் நேரத்தில் பள்ளியில் சனம் நிறைந்திருக்கும், சத்தமாக இருக்கும். மௌலவி பக்கத்தில் இருந்து மெதுவாகத்தான் சொல்லித் தருவார், நீ கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் இடப்பக்கம் இருந்தால் உனக்கு ஒரு சொல்லும் விழாது, பெண்ணை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். அவரை வலப்பக்கம் இருத்தச் சொல். எல்லாரும் பார்ப்பார்கள். யாராவது ஏன் என்று கேட்பார்கள். அந்த இடத்தில் நான் இருக்கமாட்டேன், பெண்கள் பக்கம் அந்தப் பிள்ளையோடு இருப்பேன். என்ன சொல்வாயோ, அவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்.

உன் உம்மா